வன்னி வீதிக்கு எந்த வோக்கி?

ஆடி, ஆவணி மாதங்களில் ஏ9 வீதியில் ஹையேஸ் வான்களுக்குக் குறைவிருக்காது. நல்லூர்த் திருவிழாவுக்கும் மடு மாதா பெருநாளுக்கும் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள், வந்ததோடு வற்றாப்பளை அம்மனையும் கும்பிட்டு, முல்லைத்தீவுக் கடற்கரையையும் பார்த்துவிட்டுப் போக விரும்புகிறார்கள். குடும்பம் பெரிதென்றால் வான் இரண்டாகும், மூன்றாகும். வான்கள் பிரிந்துபோகாமல் இருப்பதற்காக ரொறன்ரோவிலோ மெல்பேணிலோ வாங்கிய வோக்கிகளைப் பயணப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருபவர்களும் உண்டு.

இவற்றை இங்கே பாவிக்கலாமா? பாவிக்கலாம் என்றால் எந்த வகை நல்லது? கடைக்காரரிடம் கேட்டால் முதலில் வாட்ஸைச் சொல்வார், அடுத்தது எத்தனை கிலோமீற்றர் பேசும் என்பார். வன்னியில் இவை இரண்டும் கடைசியாகக் கேட்க வேண்டியவை. முதலில் பார்க்க வேண்டியது சட்ட அனுமதி, அடுத்தது அன்ரெனா.

வோக்கியால் என்ன பயன்?

வவுனியாவிலிருந்து வற்றாப்பளைக்குப் போகிறவர்கள் ஏ9 வழியே வந்து புளியங்குளத்தில் வலப்பக்கம் திரும்பி, நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், முள்ளியவளை என்று போவார்கள். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஏ34 வீதி, பரந்தனிலிருந்து ஏ35 வீதி. இரண்டும் ஏறக்குறைய 50 கிலோமீற்றர். ஏ9இல் இருக்கும்வரை கைத்தொலைபேசி போதும். உள்வீதிகளில் காடு இருபுறமும் நெருங்கும் இடங்களில் சிக்னல் விட்டுவிட்டு வரும். பின்னால் வந்த வானுக்கு ரயர் காற்றுப் போனால் முன்னால் போனவருக்கு அது தெரியாது. பொழுதுபட்ட பிறகு யானை வீதிக்கு ஏறினால், முதலில் காண்பவர் முன்வானின் சாரதி. அதை உடனே அறிய வேண்டியவர் பின்வானின் சாரதி.

வோக்கி செய்யும் வேலை இவ்வளவுதான். கோபுரம் எதுவும் நடுவில் இல்லாமல் ஒரு வாகனம் மற்ற வாகனத்தோடு நேரே பேசும். ஒருவர் பொத்தானை அமத்திப் பேசினால் அந்த அலைவரிசையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். இலக்கம் அழுத்தவோ மணியடிக்கும்வரை பார்த்திருக்கவோ தேவையில்லை. ஆனால் வீட்டோடு பேசவும் அம்புலன்ஸ் கூப்பிடவும் அது உதவாது.

வெள்ளை வாகனங்களின் நீண்ட அன்ரெனா

வன்னியில் வோக்கி ஒருபோதும் சாதாரணப் பயணப் பொருளாக இருந்ததில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ரோச் பற்றறிகூடத் தடைப்பட்ட பொருட்களில் ஒன்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி மின்சாரம் எடுத்து வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் நம்மோடுதான் இருக்கிறது. கேட்கும் வானொலிக்கே அந்த நிலை என்றால், பேசும் வானொலி யார் கையில் இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. போரில் ஈடுபட்டவர்களுக்கு அடுத்தபடியாக அதை வைத்திருந்தவர்கள் நிவாரண நிறுவனங்களும் செஞ்சிலுவைச் சங்கமுமே.

அந்த நிறுவனங்களின் வெள்ளை லாண்ட் குறூசர்களின் முன்பம்பரில் ஆளுயரத்துக்கு மேல் ஓர் அன்ரெனா ஆடிக்கொண்டு நிற்கும். அது எச்எப் எனப்படும் உயர் அதிர்வெண் வானொலிக்கானது. 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரையான அந்த அலைகள் வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவதால், தொலைபேசி இல்லாத இடத்திலிருந்தும் கொழும்போடு பேச முடியும். பக்கத்து வாகனத்தோடு பேசுவதற்கு விஎச்எப் எனப்படும் மிக உயர் அதிர்வெண் வோக்கி தனியாக இருக்கும். ஐ.நா. அமைப்புகள் தமது களப் பாதுகாப்பு விதிகளிலேயே வாகன வானொலியைக் கட்டாயமாக்கியிருந்தன. 2008 செப்ரெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். ஒக்ரோபர் முதல் வவுனியாவிலிருந்து உணவு லொறிகள் தொடராக உள்ளே போய்வந்தன. வன்னி கண்ட பெரிய வாகனத் தொடர்களில் அவையும் அடங்கும்.

இன்றும் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் அணிகளுக்கு வானொலி அன்றாடக் கருவி. வெடி அகற்றும் இடத்திலிருந்து மருத்துவ உதவியோடு தொடர்பு இருந்தாக வேண்டும் என்பது இந்தத் தொழிலின் சர்வதேசத் தரவிதி.

முதலில் அனுமதி

1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி, வானொலி அலை பரப்பும் கருவியைப் பாவிக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை வழங்குவது கொழும்பிலுள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. கருவியை நாட்டுக்குள் கொண்டுவரும்போதே இந்தக் கேள்வி எழும். பத்திரம் இல்லாவிட்டால் சுங்கத்தில் நின்றுவிடலாம்.

வெளிநாட்டு உறவுகள் தடுக்கி விழும் இடம் இதுதான். கனடாவின் குடும்ப வோக்கிகள் 462, 467 மெகாஹேர்ட்ஸ் பக்கம் பேசுகின்றன. பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் 446 மெகாஹேர்ட்ஸ், அரை வாட் மட்டும். அவுஸ்திரேலியாவில் கரவனை இழுத்துக்கொண்டு நாடு சுற்றுகிறவர்கள் 477 மெகாஹேர்ட்ஸ் பக்கமுள்ள 80 சனல்களில் 5 வாட்ஸ்வரை பேசுகிறார்கள்; நெடுஞ்சாலை லொறிக்காரர்களின் சனல் 40. இவற்றுக்கு அந்தந்த நாட்டில் தனியாக அனுமதி எடுக்கத் தேவையில்லை. அந்தச் சலுகை அந்த நாட்டின் எல்லையோடு முடிந்துவிடும். அதே அதிர்வெண் இங்கே வேறு யாருக்கோ ஒதுக்கப்பட்டிருக்கலாம். ரொறன்ரோவில் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாக இருந்தது இங்கே சட்டமீறலாகலாம்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பாஃபெங் போன்ற சீன வோக்கிகள் இன்னும் சிக்கலானவை. விரும்பிய அதிர்வெண்ணை விசைப்பலகையிலேயே தட்டிப் போடலாம் என்பதுதான் அவற்றின் கவர்ச்சி, அதுவேதான் ஆபத்தும். தெரியாமல் பொலிஸாரின் அல்லது படையினரின் அலைவரிசையில் கதைத்துவிட்டு, சோதனைச் சாவடியில் “தெரியாது ஐயா” என்று சொல்வதால் பயனில்லை. இந்த மாவட்டங்களில் அந்தப் பதில் எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

காட்டுக்குள் அலை எப்படிப் போகும்?

பெட்டியில் “56 கிலோமீற்றர்” என்று அச்சிட்டிருப்பார்கள். மலையுச்சியிலிருந்து பள்ளத்தாக்கைப் பார்த்துப் பேசினால் அது நடக்கலாம். வன்னியில் மலை இல்லை. விஎச்எப், யூஎச்எப் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. பூமி வளைந்திருப்பதால் அன்ரெனாவின் உயரமே எல்லையைத் தீர்மானிக்கிறது. தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் கையில் பிடித்த வோக்கிக்கு அடிவானம் சுமார் 5 கிலோமீற்றர். இரண்டு பேர் அப்படி நின்றால், நடுவில் மறைப்பே இல்லாத வெளியில், அதிகபட்சம் 10 கிலோமீற்றர். இரணைமடுக் குளக்கட்டிலோ நந்திக்கடல் ஓரத்திலோ அதற்குக் கிட்டப் போகலாம். ஒட்டுசுட்டான் காட்டு வீதியில் ஓரிரு கிலோமீற்றரே மிஞ்சும்.

இலைகள் அலையை உறிஞ்சுகின்றன, மழையில் நனைந்த இலைகள் இன்னும் கூடுதலாக. அதிர்வெண் கூடக்கூட இந்த இழப்பும் கூடும். ஆகவே காட்டுப் பாதைக்கு 150 மெகாஹேர்ட்ஸ் பக்கமுள்ள விஎச்எப் நல்லது. 450 மெகாஹேர்ட்ஸ் பக்கமுள்ள யூஎச்எப் கட்டடங்கள் நெருங்கிய நகரத்துக்கு ஏற்றது. வவுனியா நகருக்குள் மட்டும் ஓடுகிறவர்களுக்கு அது போதும்.

அன்ரெனாவா, வாட்ஸா?

வானின் இரும்புக் கூட்டுக்குள் இருந்து கைவோக்கியில் பேசுவது பானைக்குள் தலையை விட்டுக் கூப்பிடுவது போன்றது. அலையின் பெரும்பகுதி உள்ளேயே அடங்கிவிடும். அதே 5 வாட்ஸ் வோக்கியின் குட்டை அன்ரெனாவைக் கழற்றி, காந்த அடியுள்ள அன்ரெனா ஒன்றைக் கூரையில் வைத்து, வயரைக் கதவின் றப்பர் ஓரமாக உள்ளே எடுத்துப் பொருத்திப் பாருங்கள். சற்று முன்வரை கரகரத்த குரல் தெளிவாகக் கேட்கும். விஎச்எப்புக்கு அன்ரெனா அரை மீற்றர் நீளம், கூரையின் நடுவில், நிமிர்ந்து நிற்க வேண்டும். கூரையின் இரும்புத்தகடே அதன் மறுபாதியாக வேலை செய்கிறது. கூரை முழுக்கப் பயணப்பைகளை ஏற்றிக்கட்டினால் அன்ரெனாவின் தலை அவற்றுக்கு மேலே தெரிய வேண்டும்.

வாட்ஸைக் கூட்டினால் என்ன? தடையற்ற வெளியிலேயே தூரத்தை இரட்டிக்க நாலு மடங்கு வலு வேண்டும். தரையை ஒட்டிப் போகும் அலைக்கு அதுவும் போதாது. 25 வாட்ஸ் வாகன வானொலி வாங்குவதில் தவறில்லை, ஆனால் பேசும்போது அது 5, 6 அம்பியர் இழுக்கும். சிகரெட் லைற்றர் துவாரத்தை நம்பாமல் பற்றறியிலிருந்து பியூஸ் போட்டு நேராக வயர் இழுக்க வேண்டும். வான்கள் 12 வோல்ட், பெரிய லொறிகளும் பஸ்களும் 24 வோல்ட். இதைக் கவனியாமல் கொழுவினால் வானொலி அன்றே போய்விடும்.

கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

தூசி, நீர் தாங்கும் தரம்: கிறவல் வீதியின் செம்புழுதிக்கும் மார்கழி மழைக்கும் ஐபி54 குறைந்தபட்சம். ஐபி67 என்றால் ஒரு மீற்றர் நீரில் அரை மணி நேரம் தாங்கும்.

பற்றறி: கழற்றி மாற்றக்கூடியதா, வாகனத்தில் சார்ஜ் ஏறுமா என்று பாருங்கள்.

தனியே ஒலிவாங்கி: சுருள் வயரோடு தொங்கும் வெளி மைக் பூட்டும் வசதி வேண்டும். பேசுவது பக்கத்தில் இருப்பவராக இருக்கட்டும், சாரதி ஓட்டட்டும்.

இரகசியக் குறியீடு: “38 பிரைவசி கோட்” என்பது விளம்பரம். அது மற்றவர்களின் பேச்சு உங்களுக்குக் கேட்காமல் செய்யுமே தவிர, உங்கள் பேச்சை மறைக்காது. தங்குமிடம், காசு, நகை பற்றி வோக்கியில் பேச வேண்டாம்.

பேசும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. பொத்தானை அமத்தி ஒரு கணம் பொறுத்த பிறகே வாயைத் திறக்க வேண்டும்; இல்லாவிட்டால் முதற்சொல் வெட்டுப்படும். “யானை நிக்குது” என்பதில் யானை விழுந்து “நிக்குது” மட்டும் போய்ச் சேர்ந்தால் என்ன பயன்? “ரெண்டாம் வான், ரெண்டாம் வான், வலப்பக்கம் யானை, லைற்றைக் குறைச்சு நில்லுங்கோ, ஓவர்” என்று யாரைக் கூப்பிடுகிறோம் என்பதையும் செய்தியையும் சொல்லிவிட்டுக் கையை எடுக்க வேண்டும்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

இரண்டு கிழமை விடுமுறையில் வரும் குடும்பத்துக்கு வோக்கி தேவையில்லை. அதற்காக அனுமதி எடுக்கும் அலைச்சல் பயணத்தைவிட நீளமாகிவிடும். புளியங்குளம், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் என்று நிற்கும் இடங்களை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அடுத்த வான் வந்து சேராமல் அங்கிருந்து அசையாதீர்கள். அமத்திப் பேசும் வசதிதான் வேண்டுமென்றால் செல்லோ போன்ற செயலிகள் கைத்தொலைபேசியிலேயே உள்ளன. கவரேஜ் இருக்கும்வரை அவை நன்றாக வேலை செய்யும். அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்ற இலக்கங்கள் எல்லா வானிலும் எழுதப்பட்டிருக்கட்டும்.

மாதந்தோறும் தொடராக ஓடும் போக்குவரத்து நிறுவனங்கள், களப்பணி அமைப்புகள், பாதயாத்திரைக்கு உதவி வாகனம் விடுபவர்கள் ஆகியோருக்கு வோக்கி பயனுள்ள முதலீடு. ஒதுக்கப்பட்ட விஎச்எப் அலைவரிசை, வாகனத்துக்கு ஒரு கூரை அன்ரெனா, பத்திரத்தின் பிரதி ஒவ்வொரு வாகனத்திலும் என்று தொடங்கலாம்.

இதில் பொது நலன் ஒன்றும் உண்டு. 2004 டிசெம்பர் 26 சுனாமியில் தொலைபேசிகள் செயலிழந்தபோது, இலங்கை வானொலிச் சங்கத்தின் அமெச்சூர் வானொலியாளர்கள் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குத் தொடர்பை ஏற்படுத்திக் கொடுத்தார்கள். அதே நாளில் முல்லைத்தீவுக் கரையும் அழிந்துபோயிருந்தது. 2025 நவம்பரில் டிட்வா புயல் வந்தபோதும் பல மாவட்டங்களில் தொலைபேசி இணைப்புகள் அறுந்தன. வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குச் சனத்தையும் வாகனங்களையும் ஒழுங்குபடுத்தும் அனுமதி பெற்ற வோக்கிகள், மாரியில் வெள்ள நிவாரணத்துக்கும் உதவும். கோயில் பரிபாலன சபைகளும் பிரதேச சபைகளும் சேர்ந்து அடுத்த மாரிக்கு முன்னரே ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.