பால் கேனுக்குள் ஒரு மீன்கூடு

மீன் சந்தையில் கெளுத்தியை இனங்காண்பது எளிது. செதில் இல்லாத வழவழப்பான உடல், வாயைச் சுற்றி மீசை, துடுப்புகளில் கூரிய முள் ஆகியவை அதன் அடையாளங்கள். நீங்கள் வாழும் ஊர் கொல்கத்தாவாகவோ பாட்னாவாகவோ இருப்பின், மாகுர், சிங்கி என்னும் பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். அவையும் கெளுத்தி வகையைச் சேர்ந்தவையே. சிங்கியைத் தமிழ்நாட்டில் தேளி என்பர். அதன் முள் குத்தினால் தேள் கொட்டியதைப் போலக் கடுக்கும். இவற்றின் அமெரிக்க உறவான சேனல் கெளுத்தி என்னும் மீன் தனியார் குட்டைகளில் எவ்வாறு பிறந்து வளர்கிறது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

சேனல் கெளுத்தி, கனடாவின் தென்பகுதியிலிருந்து மெக்சிகோவின் வடபகுதி வரை, சிறப்பாக மிசிசிப்பி ஆற்றுப் படுகையில், இயற்கையாக வாழ்வது. 1818ஆம் ஆண்டில் ராஃபினெஸ்க் என்னும் இயற்கையியல் அறிஞர் இதனை முதன்முதலில் அறிவியல் முறைப்படி விவரித்தார். இன்று வழங்கும் அறிவியற்பெயர் இக்டலூரஸ் பங்டேட்டஸ் என்பதாகும். அதன் முதற்சொல், மீன், பூனை ஆகியவற்றைக் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களால் ஆனது. இரண்டாவது சொல்லுக்குப் 'புள்ளிகளை உடையது' என்பது பொருள். இளம் மீனின் பக்கங்களில் கரும்புள்ளிகள் தெளிவாகத் தெரியும். முதிர முதிர அவை மங்கிவிடும். வால் ஆழமாகப் பிளவுபட்டிருக்கும். மீசையைக் கண்டு ஆங்கிலேயரும் இவ்வகை மீன்களுக்குப் பூனையின் பெயரையே இட்டனர். தமிழரோ பூனையைத் துணைக்கு அழைக்காமல், கெளிறு, கெளுத்தி எனத் தனிப்பெயர் வைத்து வழங்கினர்.

அந்த மீசை அழகுக்காக அமைந்ததன்று. வாயைச் சுற்றியுள்ள 8 மீசை இழைகளிலும் சுவை அரும்புகள் நிறைந்துள்ளன. இழைகளில் மட்டுமன்றி, உடலின் மேற்பரப்பு முழுவதும் அவை பரவியிருக்கின்றன. நம் நாவில் உள்ள ஆற்றல் இம்மீனின் தோல் முழுவதிலும் உள்ளது எனலாம். ஆகவே கலங்கிய நீரிலும் இருளிலும் அது இரையைத் தேடிக் கண்டுவிடும்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கால்நடைகளுக்கும் பாசனத்திற்கும் வெட்டிய பண்ணைக்குட்டைகள் பல உள்ளன. அவற்றின் உரிமையாளர்கள் பாஸ், புளூகில் என்னும் மீன்களோடு சேனல் கெளுத்தியையும் விட்டு வளர்ப்பது வழக்கம். சில ஆண்டுகளில் கெளுத்திகள் நன்றாகக் கொழுத்துவிடும். ஆயினும் குட்டையில் வலை வீசிப் பார்த்தால் முதலில் விட்ட மீன்களே அகப்படும். குஞ்சு ஒன்றையும் காண இயலாது. 1.5 கிலோ எடையுள்ள ஒரு பெண்மீன் ஓராண்டில் ஏறத்தாழ 10,000 முட்டைகளை இடவல்லது. அப்படியிருக்க, குட்டையில் குஞ்சுகள் இல்லாமற்போவது ஏன்? இவ்வினாவிற்கு விடை தேடினால் அம்மீனின் வாழ்க்கை முறை முழுவதும் விளங்கிவிடும்.

சேனல் கெளுத்தி திறந்தவெளியில் முட்டையிடாது. ஆற்றில் வாழும்போது, கரையோரப் பொந்து, உள்ளீடற்ற மரக்கட்டை, பாறையிடுக்கு போன்ற இருண்ட மறைவிடத்தை நாடும். அகழ்பொறியால் சீராக வெட்டப்பட்ட குட்டையில் அத்தகைய பொந்து ஏது? மறைவிடம் கிடைக்காத மீன்களில் பெரும்பாலானவை முட்டையிடாமலே அவ்வாண்டைக் கழித்துவிடுகின்றன.

மறைவிடம் கிடைத்தால் நிகழ்வதைப் பார்ப்போம். இம்மீன் இரண்டு அல்லது மூன்று வயதில் முட்டையிடும் பருவத்தை அடைகிறது. வசந்தகாலத்தின் பிற்பகுதியில் நீரின் வெப்பநிலை 24 பாகை செல்சியசைக் கடந்ததும் ஆண்மீனின் நிறம் கருக்கும். தலை அகன்று தசைப்பற்றோடு தோன்றும். அது பொந்தைத் தூய்மை செய்து பெண்மீனை வரவேற்கிறது. பெண்மீன் இடும் முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மஞ்சள் நிறக் கூழ்க்கட்டி போலக் கிடக்கும். முட்டையிட்டு முடிந்ததும் ஆண்மீன் பெண்மீனைக் கூட்டிலிருந்து துரத்திவிடுகிறது! அதற்குப்பின் கூட்டைக் காப்பது முழுவதும் தந்தையின் கடமை.

அக்கடமை எளிதானதன்று. முட்டைகள் பொரிக்க 5 முதல் 8 நாள்கள் ஆகும். திரளின் நடுவில் உள்ள முட்டைக்கும் உயிர்வளி, அதாவது ஆக்சிஜன், சென்று சேர வேண்டும். தந்தை மீன் திரளின் அருகே நின்று துடுப்புகளை அசைத்து நீரை விசிறிக்கொண்டே இருக்கும். அவ்வப்போது திரளைத் தன் உடலால் அழுத்திக் குலுக்கும். விசிறுவதை நிறுத்தினால் முட்டைகள் மூச்சுமுட்டி அழியும், பூஞ்சையும் படரும். இவ்வளவு பொறுப்புள்ள தந்தையிடம் ஒரு விந்தையும் உண்டு. யாரேனும் கூட்டை மிகுதியாகக் கலைத்தால், அது தான் காத்த முட்டைகளைத் தானே தின்றுவிடும்.

நம் நாட்டுக் கடலோரங்களிலும் இதற்கு ஈடான தந்தையர் உளர். கடல் கெளுத்தி இனங்கள் பலவற்றில், ஆண்மீன் முட்டைகளைத் தன் வாய்க்குள் வைத்துக் காக்கிறது. வாரக்கணக்கில் அது இரை உண்பதில்லை.

மீண்டும் குட்டைக்கு வருவோம். பொந்து இல்லாத குறையைப் போக்க அமெரிக்க மீன்வளர்ப்போர் கண்ட வழி எளியது. பால் கொண்டுசெல்லும் பழைய உலோகக் கேன்களை, ஏறத்தாழ முழங்கால் முதல் இடுப்பளவு ஆழமுள்ள நீரில், வாய்ப்புறம் குட்டையின் நடுவை நோக்குமாறு படுக்கவைத்தனர். கெளுத்தி அவற்றைப் பொந்தாகவே ஏற்றுக்கொண்டது! இன்று பிளாஸ்டிக் கலன்களும், படைத்துறை கழித்துவிட்ட வெடிமருந்துப் பெட்டிகளும் அதே பணியைச் செய்கின்றன. பெரிய பண்ணைகளில் சில நாள்களுக்கு ஒருமுறை ஆள் இறங்கிக் கலன்களைச் சோதித்து, முட்டைத்திரளை எடுத்துக் குஞ்சு பொரிப்பகத்திற்குக் கொண்டுசெல்வர். அங்கே நீர்த்தொட்டிகளில் மெதுவாகச் சுழலும் துடுப்புப் பலகைகள் முட்டைகளை அசைத்துக்கொண்டிருக்கும். தந்தை மீனின் வேலையை மோட்டார் செய்கிறது.

பொரித்த குஞ்சுகள் வயிற்றில் மஞ்சள்கருப் பையைச் சுமந்தபடி சில நாள்கள் அடியிலேயே குவிந்து கிடக்கும். அந்த உணவு தீர்ந்ததும் நிறம் கருத்து, இரை தேடி மேலே நீந்தி வரும். தனியார் குட்டையில் இரண்டாவது இடர் இங்கேதான் காத்திருக்கிறது. பாஸ் மீன் கண்ணால் பார்த்து வேட்டையாடுவது. தெளிந்த நீரில், மறைந்துகொள்ளச் செடியும் இல்லாத இடத்தில், குஞ்சுகள் ஓர் இலையுதிர்காலத்தைக் காண்பதும் அரிது. இதனால்தான் பாஸ் வாழும் குட்டையில் புதிதாகக் கெளுத்தி விடுவோர், 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை வளர்ந்த மீன்களையே வாங்கி விடுகின்றனர். அவற்றை விழுங்கப் பெரும்பாலான பாஸ் மீன்களின் வாய் போதாது.

இனி இதற்கு நேர்மாறான நிலையை எண்ணிப் பாருங்கள். நீர் எப்பொழுதும் கலங்கியிருக்கிறது, பாஸ் இல்லை, கேன்கள் மட்டும் உள்ளன. அக்குட்டையில் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் பிழைக்கும். உரிமையாளர் மகிழலாம் எனத் தோன்றும். ஆனால் இரை பங்கிடப்பட்டு எல்லா மீன்களும் மெலிந்து, ஆண்டுகள் கழிந்தும் கையளவாகவே நின்றுவிடும். என் கருத்தில், குஞ்சே இல்லாத குட்டையைவிட இது கடினமான சிக்கல். குஞ்சு இல்லையேல் விலைக்கு வாங்கலாம். மிகுந்துவிட்டாலோ, நீரை வடித்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து தொடங்க நேரிடும். ஆகவே பலர் வேண்டுமென்றே குட்டையில் கேன் வைப்பதில்லை.

போதிய இடமும் தீவனமும் பெற்ற கெளுத்தி விரைந்து வளரும். மிதக்கும் தீவனக் குருணைகளில் பொதுவாக 28 அல்லது 32 விழுக்காடு புரதம் இருக்கும். மீன்கள் 10 அல்லது 15 நிமிடங்களில் தின்றுமுடிக்கும் அளவே இடுவர். எஞ்சியது அழுகி நீரைக் கெடுக்கும். வெப்பநிலை 27 முதல் 30 பாகை வரை இருக்கும்போது வளர்ச்சி மிகுதி. குளிர்காலத்தில் மீன் ஏறக்குறைய உண்பதை நிறுத்திவிடும், வளர்ச்சியும் நின்றுவிடும். பண்ணையில் பிறந்த குஞ்சு அரைக்கிலோ எடையை அடைய ஏறத்தாழ 18 மாதங்கள் ஆகும். காலமும் இடமும் வாய்த்தால் எவ்வளவு வளரும் என்பதற்குச் சான்று, 1964ஆம் ஆண்டில் தென் கரோலினா மாநில நீர்த்தேக்கம் ஒன்றில் தூண்டிலில் சிக்கிய மீன். அதன் எடை 26 கிலோவிற்கும் மேல்.

தீவனத்தை மிகுதியாக இட்டால் மீன்களையும் மிகுதியாக வளர்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதற்குத் தடையாக நிற்பது உயிர்வளி. பகலில் நீரிலுள்ள நுண்பாசிகள் கதிரொளியின் துணையால் உயிர்வளியை வெளிவிடுகின்றன. இரவில் அவையும் மீன்களோடு சேர்ந்து அதனை உட்கொள்கின்றன. ஆகவே விடியற்காலையில்தான் குட்டையில் உயிர்வளி மிகக் குறைவு. வானம் தொடர்ந்து மூடியிருக்கும் கோடைநாள்களில் நிலைமை இன்னும் மோசம். பொழுது புலரும் வேளையில் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அது பசியின் அடையாளமன்று, மூச்சுத்திணறலின் அடையாளம். முதலில் மடிபவை பெரும்பாலும் பெரிய மீன்களே.

காற்றேற்றும் கருவி இல்லாத குட்டையில், ஓர் ஏக்கருக்கு மீன்களின் மொத்த எடை ஏறத்தாழ 450 கிலோவை மிஞ்சலாகாது என்பது வளர்ப்போரின் கணக்கு. மீன் ஒன்று அரைக்கிலோ எனக் கொண்டால் 900 மீன்கள். ஒரே ஒரு தாய்மீன் இட்ட முட்டைகளின் எண்ணிக்கையோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். மிசிசிப்பி மாநிலத்தின் பெரும்பண்ணைகள் இவ்வெல்லையைக் கடப்பதற்காகத் துடுப்புச் சக்கரங்களை இரவெல்லாம் சுழலவிட்டு நீரை அளைகின்றன. சிறு குட்டையின் உரிமையாளருக்கு அவ்வளவு செலவு கட்டாது. கோடை முற்றுமுன் அவர் மாலைதோறும் தூண்டிலுடன் கரைக்குச் சென்று, மிகப் பெரிய மீன்களைப் பிடித்து வீட்டிற்குக் கொண்டுபோகிறார்.