தையலைப் பற்றியும் கேளுங்கள்!

பெரம்பலூர், அரியலூர் பக்கம் வீட்டுப் பிரசவம் இன்று அபூர்வம். ஆரம்ப சுகாதார நிலையம் முதல் 2022-இல் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி வரை, வலி எடுத்தால் போக இடமிருக்கிறது. ஆனால், ‘சுகப்பிரசவம்’ என்று சொந்தபந்தம் நிம்மதியடைந்த பிறகு, தாய்க்குப் போட்ட தையலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

தலைப்பிரசவத்தில் பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட சதை கிழிவது சகஜம். பெரும்பாலும் தோலோடும் தசையோடும் நின்றுவிடும். சிலருக்கு மலத்தை அடக்கும் சுருக்குத்தசை வரை, இன்னும் ஆழமாக மலக்குடல் வரைகூடக் கிழியும்.

கடும் கிழிசலைக் குறைக்க வழி உண்டு. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அந்த இடத்தில் ஒத்தடம் கொடுக்கலாம். தலை வெளியே தெரிந்ததும் ‘முக்கும்மா, முக்கு’ என்று அவசரப்படுத்தாமல், வாயால் மூச்சுவிடச் சொல்லி, கையால் தாங்கி மெல்ல வரவிட வேண்டும். பிரசவ வழியை அகலமாக்க எல்லோருக்கும் வழக்கமாகக் கத்தரி வைப்பதை உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல் பரிந்துரைப்பதில்லை. அவசியமானால், தாயிடம் சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டுத்தான் வெட்ட வேண்டும்.

குழந்தை பிறந்ததும் நல்ல வெளிச்சத்தில், ஆசனவாயையும் சேர்த்துச் சோதித்தால்தான் உள்ளே மறைந்த கிழிசல் தெரியும். சுருக்குத்தசை கிழிந்திருந்தால், தேர்ந்த மருத்துவர் ஆபரேஷன் தியேட்டரில் தைக்க வேண்டும். சுகாதார நிலையத்தில் அந்த வசதி இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதே சரி.

வீட்டில் கவனிக்க வேண்டியதும் இருக்கிறது. பச்சை உடம்புக்காரி என்று பத்தியத்தின் பேரில் தண்ணீரைக் குறைத்தால் மலம் இறுகும். முக்கும்போது தையலில் உயிர்போகும் வலி. தாகம் தீரத் தண்ணீரும், கீரையும் பழமும் கொடுங்கள். புண் ஆறுமுன்னே வெங்காயக் காட்டில் குந்திக் களையெடுக்க அனுப்பாதீர்கள். சீழ், துர்நாற்றம், காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காற்றோ மலமோ அடக்க முடியாமல் போவது விதி அல்ல. இடுப்புத்தளப் பயிற்சியும் அறுவை சிகிச்சையும் இருக்கின்றன. வெட்கத்தில் தாய் தானாகச் சொல்லமாட்டார். ஆகவே, வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியர் குழந்தையின் எடையைக் கேட்கும்போதே, ‘தையல் ஆறிடுச்சாம்மா? வெளிக்குப் போறதுல சிரமம் இருக்கா?’ என்றும் கேட்க வேண்டும். மாமியாரும் கணவரும் அந்தப் பதிலைக் காதுகொடுத்துக் கேட்டு, தாமதிக்காமல் அழைத்துப் போக வேண்டும்.