தெளிப்பானைச் சுமப்பவரும் கடைக்கு வரட்டும்

பூச்சி மருந்து வாங்கும்போது எந்த மருந்து நல்லது, ஏக்கருக்கு எவ்வளவு தேவை என்று விவசாயிகள் நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். அந்த மருந்தைத் தெளிக்கும் கருவிக்கு விலையை மட்டுமே கேட்கிறார்கள். மண்வெட்டி வாங்கும்போது காம்பைப் பிடித்துப் பார்ப்பவர்கூட, கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிப் பார்ப்பதில்லை. வாங்குபவர் நிலத்துக்காரர், சுமப்பவர் கூலியாள் என்பது இதற்கு முக்கிய காரணம்.

சுமை எவ்வளவு?

ஏக்கருக்கு 200 லிட்டர் மருந்துக் கலவை தெளிப்பதாக வைத்துக்கொள்வோம். 16 லிட்டர் தொட்டியானால் 12 அல்லது 13 முறை நிரப்ப வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தொட்டியின் எடையும் சேர்ந்தால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 20 கிலோ முதுகில் ஏறுகிறது. இந்தப் பாரத்தோடு, ஒரு கையால் நெம்புகோலை அடித்து, மறு கையால் குழலைப் பிடித்துக்கொண்டு, சேற்றிலும் பாத்தியிலும் நடக்க வேண்டும். பாட்டரித் தெளிப்பானில் கைக்கு ஓய்வு உண்டு. ஆனால் பாட்டரியின் எடை கூடும்.

ஐ.நா. உணவு, விவசாய நிறுவனம் 2001-ல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, நிரப்பிய தெளிப்பானின் மொத்த எடை 25 கிலோவைத் தாண்டக் கூடாது. தோளில் படியும் இடத்தில் வாரின் அகலம் குறைந்தது 5 செ.மீ. இருக்க வேண்டும், வார் ஈரத்தை உறிஞ்சாததாகவும் இருக்க வேண்டும். அறுந்த வாருக்குப் பதிலாகக் கயிறு கட்டுவது நம் கிராமங்களில் வழக்கம். கயிறு தோளை அறுப்பதோடு, சிந்திய மருந்தைக் குடித்து வைத்துக்கொண்டு, நாள் முழுவதும் உடம்பில் ஒட்டியிருக்கும்.

கடையில் பார்க்க வேண்டியவை

தொட்டியில் பச்சைத் தண்ணீர் நிரப்பி, சுமக்கப் போகிறவரையே மாட்டிக்கொள்ளச் சொல்ல வேண்டும். தொட்டியின் பின்புறம் முதுகோடு படிந்திருந்தால் பாரம் பின்னுக்கு இழுக்காது. வாரை அவரவர் உயரத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும். இடுப்பு வார் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து, அவர் முன்னால் குனிய வேண்டும். தொட்டிக்குள் காற்று புகுவதற்கு மூடியில் சிறு துளையும் வால்வும் உண்டு. வால்வோ, மூடியின் ரப்பர் வாஷரோ சரியில்லை என்றால், குனிந்ததும் தண்ணீர் பிடரியில் கொட்டும். கடையில் கொட்டுவது தண்ணீர். வயலில் கொட்டுவது விஷம்.

குழலின் விசையை விட்டதும் தெளிப்பு உடனே நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. குழாய் இணைப்புகளில் கசிவு கூடாது. தொட்டியின் வாய் அகலமாகவும், அதில் சல்லடை பொருந்தியும் இருக்க வேண்டும். குறுகலான வாயில் ஊற்றும்போது மருந்து வெளியே வழியும். சல்லடை இல்லாவிட்டால் தூசி போய் நாசிலை அடைக்கும். அடைத்த நாசிலை வாயில் வைத்து ஊதுவது ஆபத்து. கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி மருந்து வீணாகும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் தண்ணீரும் போதும்.

களைக்கொல்லிக்கு விசிறி போல விரியும் நாசிலும், பூச்சி, நோய் மருந்துகளுக்குக் கூம்பு வடிவில் தெளிக்கும் நாசிலும் ஏற்றவை. களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வது பயிருக்குப் பாதுகாப்பு. வாஷர், வால்வு போன்ற உதிரி பாகங்கள் பக்கத்து ஊரிலேயே கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வயலில் கவனிக்க வேண்டியவை

16 லிட்டர் தொட்டி என்பதற்காக 16 லிட்டரும் நிரப்பியாக வேண்டும் என்பதில்லை. வயதானவர்களும் உடல் வலு குறைந்தவர்களும் 10 லிட்டர் நிரப்பினால் போதும். லிட்டருக்கு 2 மி.லி. மருந்து என்றால் 10 லிட்டருக்கு 20 மி.லி., 16 லிட்டருக்கு 32 மி.லி. என்று அளவு மாறுவதை மறக்கக் கூடாது. நிரப்பிய தொட்டியைத் தரையிலிருந்து தூக்காமல், இடுப்பளவு உயரமான திண்ணையிலோ வண்டியிலோ வைத்து மாட்டிக்கொண்டால் முதுகு பிடிக்காது. தெளிக்கும்போது காற்று மருந்தை ஆள்மேல் அடிக்காத பக்கமாக நடக்க வேண்டும்.

மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் 2017-ல், பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் சுமார் 20 பேர் நஞ்சேறி உயிரிழந்தனர். கடும் விஷமுள்ள மருந்துக் கலவைகள், ஆளுயரம் வளர்ந்த செடி, பாதுகாப்பு உடை இல்லாமை எனப் பல காரணங்கள் அப்போது பேசப்பட்டன. கசியும் தெளிப்பானும் இத்தகைய ஆபத்துக்கு வழி திறக்கும். வியர்வையில் நனைந்த சட்டை வழியாக மருந்து தோலில் இறங்குவது உடனே தெரிவதில்லை.

மருந்து முதுகில் கொட்டிவிட்டால் பாத்தி முடியட்டும் என்று காத்திருக்காமல், அங்கேயே தெளிப்பானை இறக்கிவிட வேண்டும். சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். தலைசுற்றல், வாந்தி, கண் மங்கல் இருந்தால் மருந்துப் புட்டியின் லேபிளுடன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

வேலை தொடங்கும் முன் கசிவைப் பார்ப்பது கூலியாளின் பொறுப்பு என்று விட்டுவிடக் கூடாது. பழுதான கருவியை மாட்ட மறுத்தால் அன்றைய கூலி போய்விடும் என்று அவர் பேசாமல் மாட்டிக்கொள்வார். ஆகவே ஒரு வாஷரையும் நல்ல வாரையும் வாங்கிப் போட்டுக் கொடுப்பது கருவிக்கு உரியவரின் கடமை.