உங்களுக்குத் தெரியுமா? வாசற்படி தாண்டிய சமத்துவம்

குடும்பம் அவரவர் வீட்டு விஷயம், அதில் சட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. தாராளவாதப் பெண்ணியர்கள் பதில் சொன்னார்கள்: சட்டம் ஏற்கெனவே வீட்டுக்குள்தான் இருக்கிறது, கணவன் பக்கம் நிற்கிறது. அதை நடுவில் கொண்டுவந்து நிறுத்தத்தான் அவர்கள் போராடினார்கள்.

● தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1851இல் ஹாரியட் டெய்லரை மணந்தார். அன்றைய இங்கிலாந்துச் சட்டம் மனைவியின் உடைமையையும் அவள் விருப்பப்படி நடக்கும் சுதந்திரத்தையும் கணவன் கையில் கொடுத்திருந்தது. மணமகனே விரும்பினாலும் அந்த அதிகாரத்தைச் சட்டப்படி துறக்க வழியில்லை. ஆகவே, அதை ஒருநாளும் பயன்படுத்த மாட்டேன் என்று திருமணத்துக்கு முன்பே மில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்தார்.

● அதே மில் 1869இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், திருமணம் செய்துகொள்ளும் பெண் பொதுவாக வீட்டு நிர்வாகத்தைத்தான் தன் தொழிலாகத் தேர்கிறாள் என்றும் எழுதினார். ஹாரியட்டோ, மணமான பெண்ணும் சம்பாதிக்க வேண்டும் என்று 1851ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே வாதிட்டிருந்தார். கணவரைவிட மனைவிக்குத்தான் தெளிவு அதிகம் இருந்தது என்பேன்.

● எழுத்தாளர் கரோலின் நார்ட்டனின் மூன்று மகன்களையும் 1836இல் கணவர் பிரித்துக்கொண்டு போனார். குழந்தைகள் தந்தைக்கே உரியவர்கள் என்றது சட்டம். அவர் எழுதிச் சம்பாதித்த பணமும் கணவருக்கே சொந்தம். கரோலின் துண்டறிக்கைகள் எழுதினார், நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஆதரவைத் திரட்டினார். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தன்னிடம் ஒப்படைக்கக் கோரித் தாய் நீதிமன்றம் போகலாம் என்ற சட்டம் 1839இல் வந்தது. சம்பாத்தியம் மனைவிக்கே சொந்தமாக இன்னும் 31 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

● பிரான்சில் மனைவி தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கவும், கணவன் தடுக்க முடியாதபடி வேலைக்குப் போகவும் உரிமை கிடைத்தது 1965இல். வீட்டுக் கடமைக்கு இடையூறு இல்லாவிட்டால்தான் மனைவி வேலைக்குப் போகலாம் என்ற விதியை மேற்கு ஜெர்மனி நீக்கியது 1977இல். பிரிட்டனில் மனைவியின் வருமானத்துக்குத் தனியாக வரி கணக்கிடத் தொடங்கியது 1990இல்தான்!

● அமெரிக்காவில் 1970களில் ஓர் இளம் தந்தையின் வழக்கு. ஆசிரியையான மனைவி பிரசவத்தில் இறந்துவிட்டார். கைக்குழந்தையை வீட்டிலிருந்து வளர்க்க உதவித்தொகை கேட்டவருக்கு, அது விதவைத் தாய்மாருக்கு மட்டுமே என்று மறுத்தார்கள். அவருக்காக வாதாடியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். அந்த விதி மூன்று பேரை வஞ்சிக்கிறது என்று அவர் எடுத்துக்காட்டினார். வேலைபார்த்து வரி கட்டிய மனைவியின் உழைப்புக்கு மதிப்பில்லை, தகப்பனுக்குப் பிள்ளை வளர்க்க வழியில்லை, பிள்ளைக்குப் பெற்றவரின் அருகாமை இல்லை. 1975இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பெண்ணைச் சமையலறையில் கட்டிப்போடும் சட்டம் ஆணைத் தொட்டிலிலிருந்து விரட்டவும் செய்கிறது என்பதை இவ்வளவு துலக்கமாகக் காட்டிய வழக்கு வேறில்லை.

● கின்ஸ்பர்க் வீட்டில் சமையல் கணவர் மார்ட்டினுடையது. மகன் செய்த குறும்புகளுக்காகப் பள்ளியிலிருந்து ஓயாமல் தாயையே அழைத்தார்கள். இந்தப் பிள்ளைக்குப் பெற்றோர் இருவர், மாற்றி மாற்றி அழையுங்கள் என்றார் அவர். அழைப்புகள் வெகுவாகக் குறைந்தன. தகப்பனின் நேரத்தை மட்டும் எல்லோரும் மதிக்கத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்!

● நீதி பற்றி 1971இல் பெருநூல் எழுதிய ஜான் ராவ்ல்ஸ், வீட்டுக்குள் நடக்கும் வேலைப் பங்கீடு நியாயமா என்று கேட்க மறந்தார். பெண்ணியத் தத்துவ அறிஞர் சூசன் மோலர் ஓக்கின் 1989இல் அதைக் கேட்டார். குடும்பத்தில்தான் குழந்தை முதன்முதலாக நியாயத்தைக் கற்கிறது. அங்கேயே அநியாயம் இருந்தால் எதைக் கற்கும்? ஒருவர் வேலைக்குப் போய் மற்றவர் வீட்டைப் பார்த்துக்கொண்டால், நிறுவனமே சம்பளத்தைச் சரிபாதியாகப் பிரித்து இருவர் பெயரிலும் தர வேண்டும் என்பது அவர் யோசனை.

● குழந்தை பிறந்தால் தந்தை மட்டுமே எடுக்கக்கூடிய விடுப்பை நார்வே 1993இல் ஒதுக்கியது. நான்கு வாரங்கள், அவர் எடுக்காவிட்டால் அந்த நாட்கள் வீண். அதுவரை மிகச் சிலரே விடுப்பெடுத்த நாட்டில், சில ஆண்டுகளில் பெரும்பாலான தந்தையர் எடுத்தார்கள்.

● ஓக்கினின் கருத்துக்கு நெருங்கிய ஒன்றைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் சொன்னது. கணவர் சவூதியில் உழைத்துப் பணம் அனுப்ப, மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்தார். அவரது உழைப்பும் அந்தச் சொத்துகள் சேரக் காரணம், ஆகவே பாதிப் பங்கு உண்டு என்றது தீர்ப்பு. இந்தப் பங்களிப்பை அங்கீகரிக்கும் சட்டம் இதுவரை இயற்றப்படவில்லை என்பதையும் நீதிபதி குறிப்பிட்டார்.

கோவாவின் குடும்பச் சட்டத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் தம்பதியின் சொத்தில் இருவருக்கும் சரிபாதி. தமிழ்நாட்டு மனைவி அந்தப் பாதிக்காக நீதிமன்றம் ஏறித்தான் ஆக வேண்டும் என்ற நிலை மாற, இங்கும் ஒரு சட்டம் வேண்டும்.