நம் கடிதம் யார் பொறுப்பில்?

வேலைவாய்ப்பு விளம்பரம் ஒன்றின் அடியிலோ, அரசாங்கத் திணைக்களம் ஒன்றின் இணையப் பக்கத்திலோ நீல நிறத்தில் அடிக்கோடிட்டுக் காட்டப்பட்டிருக்கும் மின்னஞ்சல் முகவரியை அழுத்தியவுடன் கடிதம் எழுதுவதற்குரிய வெற்றுத்தாள் திறக்கும் என்று நாம் எதிர்பார்த்திருக்க, வீட்டில் எவரும் ஒரு நாளும் பயன்படுத்தியிராத ஏதோ ஒரு மென்பொருள் திரையை நிறைத்துக்கொண்டு வந்து, ஆங்கிலத்தில் கணக்கு விபரம் கேட்டு நிற்பது, வீட்டில் கணினி வைத்திருக்கும் பலருக்கும் நேர்ந்திருக்கக்கூடிய அனுபவம். சில கணினிகளில் அதுகூட நேர்வதில்லை. அழுத்துகிறோம், ஒன்றுமே நடப்பதில்லை. இறக்குவானை மலைச்சரிவிலுள்ள தோட்டமொன்றில் வசிப்பவர் இதனைப் பழுது என்று கருதிக் கணினிப் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, மாதம்பைச் சந்தியில் பஸ் மாறி, கொடகவெலையைத் தாண்டி எம்பிலிப்பிட்டிய நகரத்துக்கு இறங்கி வந்து, ஆங்கிலத்தில் தோன்றிய செய்தியைத் தமிழில் நினைந்து, சிங்களத்தில் கடைக்காரருக்கு விளக்க முற்படும்பொழுது படுகின்ற சிரமம் சொற்பமானதன்று. இத்தனைக்கும் மூலகாரணம் பெரும்பாலும் கணினியின் உறுப்புகள் எதிலும் இருப்பதில்லை. கடிதம் என்ற காரியம் வரும்போது எந்த மென்பொருளை அழைப்பது என்ற ஒரேயொரு நியமனம் பிழையாக இருக்கிறது. அல்லது நியமனமே செய்யப்படாமல் இருக்கிறது. அதனை வீட்டில் இருந்தபடியே ஐந்து நிமிஷத்தில் திருத்திக்கொள்ளலாம்.

பெருந்தோட்ட மக்களைப் பொறுத்தவரை இதை அற்பமான தொழினுட்ப விஷயம் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. லயத்து வீடுகளுக்குத் தனித்தனி முகவரி இல்லாத காரணத்தினால், தலைமுறை தலைமுறையாக அவர்களுக்கு வந்த கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கே வந்து, தப்பால்காரரின் பையில் தோட்டக் கந்தோரை அடைந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறி லயத்துக்கு வந்து சேர வேண்டியிருந்தன. ஒரே பெயருடைய இருவர் ஒரு தோட்டத்தில் இருந்தால் கடிதம் எவர் கையில் விழும் என்பது நிச்சயமில்லை. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பரீட்சைத் திகதி கடந்த பின்னர் கைக்குக் கிடைத்த இளைஞர்களும் உண்டு. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாகக் கடல் கடந்து தமிழ்நாட்டுக்குப் பிரிந்து சென்ற உறவினர்கள் எழுதிய கடிதங்களும் அதே வழியாகத்தான் வந்தன. அத்தகைய குடும்பத்தில் பிறந்த ஒரு பிள்ளைக்கு, தன் பெயரால் மாத்திரமே அமைந்த, இடையில் எந்தக் கந்தோரின் தயவையும் வேண்டாத ஒரு முகவரி வாய்க்கிறதென்றால், அது மின்னஞ்சல் முகவரியே. அந்த முகவரியிலிருந்து கடிதம் எவ்வழியாகப் புறப்படுகிறது, எவ்வழியாக வந்து சேருகிறது என்பதை அறிந்து, அவ்வழியைத் தாமே தெரிந்தெடுப்பது அதற்கு உரியவரின் உரிமை என்றே நான் எண்ணுகிறேன்.

கணினிகளின் வலையமைப்பில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் அனுப்பும் முறையை ரே டொம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 1971ஆம் ஆண்டில் செய்து காட்டினார். பெயருக்கும் இடத்துக்கும் நடுவே இன்று நாம் இடும் வளைந்த குறியும் அவர் தெரிந்தெடுத்ததே. இலங்கைக்குரிய இணையப் பெயரான '.எல்கே' 1990ஆம் ஆண்டில் பதிவாயிற்று. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அபய இந்துருவ அதற்குக் காரணராக இருந்தார். 1995ஆம் ஆண்டில் வர்த்தக ரீதியான இணையச் சேவை ஆரம்பமாயிற்று. கிராமங்களிலும் தோட்டப்புறங்களிலும் 'நெனசல' எனப்படும் அறிவகங்கள் அதற்குப் பத்தாண்டுகளின் பின்னரே தோன்றின. அதுவரையிலும், அதன் பின்னருங்கூட, நம்மவர்களில் அநேகருக்கு மின்னஞ்சல் என்றால் பட்டணத்துக் 'கொமினிகேஷன்' கடையில் காசு கொடுத்து இன்னொருவரைக் கொண்டு எழுதுவிப்பது என்பதாகவே இருந்தது. எழுதும் கையும் அனுப்பும் வழியும் கடைக்காரருடையவையாக இருந்தமையால், நியமனம் என்ற பிரச்சினையை அறிந்துகொள்ளும் அவசியமே நமக்கு நேரவில்லை. பாவித்த கணினி ஒன்றை வாங்கி வீட்டு மேசையில் வைத்த பிறகுதான் அது நம் முன் வந்து நிற்கிறது.

உள்ளே நிகழ்வது இதுதான். 1994ஆம் ஆண்டில் டிம் பேர்னர்ஸ்-லீ முதலானோர் இணைய முகவரிகளுக்கு விதிகள் வகுத்தபோது, ஓர் இணைப்பு 'மெயில்டூ' என்ற சொல்லுடன் தொடங்குமாயின் அது பக்கத்தைத் திறப்பதற்கன்று, கடிதம் எழுதுவதற்கு என்று கொள்ளும்படி ஏற்பாடு செய்தார்கள். அத்தகைய இணைப்பை நாம் அழுத்தும்போது குரோம் போன்ற மேலோடி தானாகக் கடிதம் எழுத முற்படுவதில்லை, "மெயில்டூ வந்திருக்கிறது, யாரிடம் ஒப்படைக்க?" என்று விண்டோஸ் என்னும் பணிசெயல் முறைமையைக் கேட்கிறது. காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதைப்போல, விண்டோஸ் தன் பேரேட்டைப் பார்த்து, இந்தக் காரியத்துக்குப் பெயர் பதிந்திருக்கும் மென்பொருளைக் கூப்பிடுகிறது. அந்தப் பேரேட்டில் ஆரம்பத்திலேயே எழுதப்பட்டிருக்கும் பெயர் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் சொந்த மென்பொருளுடையது. ஒரு காலத்தில் அது 'அவுட்லுக் எக்ஸ்பிரஸ்' ஆக இருந்தது. பின்னர் 'விண்டோஸ் மெயில்' ஆயிற்று. விண்டோஸ் 10இல் 'மெயில்' என்ற செயலியாயிற்று. அச்செயலிக்குரிய ஆதரவும் 2024 டிசம்பர் 31ஆந் திகதியுடன் முடிவடைந்து, அதன் ஸ்தானத்தில் இப்போது புதிய 'அவுட்லுக்' வந்திருக்கிறது. நம்மவர்களோ இவற்றுள் ஒன்றையும் பயன்படுத்துவதில்லை. 2004இல் தோன்றிய ஜிமெயிலையே, அதுவும் மேலோடியின் உள்ளேயே திறந்து படிக்கிறார்கள். கணினியில் தனியே நிறுவப்படாத ஜிமெயிலின் பெயர் அந்தப் பேரேட்டில் தானாக ஏறாது. அறிமுகமில்லாத மென்பொருள் வந்து நிற்பதன் இரகசியம் இவ்வளவே.

திருத்துவதற்கு இரண்டு படிகள் உண்டு. பலர் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை மறப்பதனாலேயே தோல்வியடைகிறார்கள். முதலாவது விண்டோஸின் பேரேடு. 'செட்டிங்ஸ்' பகுதிக்குள் 'அப்ஸ்' என்பதைத் திறந்து, அதிலுள்ள 'டிஃபோல்ட் அப்ஸ்' என்ற தலைப்புக்குச் சென்றால், விண்டோஸ் 10இல் 'ஈமெயில்' என்ற வரியே முதலில் தென்படும். அதை அழுத்திக் குரோமைத் தெரிவு செய்தால் போதும். விண்டோஸ் 11இல் அந்த வரி இல்லை. மேலேயுள்ள தேடற் பெட்டியில் 'மெயில்டூ' என்று ஆங்கில எழுத்துகளில் தட்டி, அதற்கு எதிரே இருக்கும் பெயரை மாற்ற வேண்டும். இந்தத் திரையெல்லாம் ஆங்கிலத்தில் இருப்பது இடையூறாகத் தோன்றுமானால், அதே 'செட்டிங்ஸ்' பகுதியில் மொழிப் பிரிவுக்குச் சென்று தமிழைச் சேர்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் பாடசாலையில் படிக்கும் சொற்களுக்கும் அங்கே காணும் சொற்களுக்கும் சில இடங்களில் வேறுபாடு இருந்தபோதிலும், வாசித்து விளங்கிக்கொள்ள அது பெருந்துணையாகும்.

இரண்டாவது படி மேலோடியின் உள்ளே இருக்கிறது. கடிதத்தைக் குரோம் வாங்கிக்கொண்ட பிறகு, அதனை ஜிமெயிலிடம் கொடுப்பதற்கு நம் சம்மதம் அதற்கு வேண்டும். ஜிமெயிலைத் திறந்து வைத்திருக்கும்போது, மேலே முகவரி எழுதும் பட்டையின் வலது கோடியில் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரண்டு சிறு சாய்சதுரங்கள் தோன்றும். அதை அழுத்தி அனுமதி அளிக்க வேண்டும். இப்படி அனுமதி அளிக்காத கணினியில்தான், முகவரியை அழுத்தினால் வெறும் பக்கமொன்று திறந்து அப்படியே நிற்கும், அல்லது ஒன்றுமே நிகழாது. முன்னொரு சமயம் யாரோ அவசரத்தில் மறுப்பை அழுத்தியிருந்தால் அந்தச் சின்னம் மறுபடி தோன்றாது. குரோமின் அமைப்புகளில் தளங்களுக்குரிய அனுமதிகளைத் திறந்து, 'புரோட்டகோல் ஹேண்ட்லர்ஸ்' என்ற பகுதியில் ஜிமெயிலின் மீதுள்ள தடையை நீக்கிவிட்டு, மீண்டும் ஜிமெயிலைத் திறந்தால் அது வரும். பயர்பொக்ஸ் என்னும் மேலோடியைப் பாவிப்பவர்களுக்கு வேலை இன்னும் இலகு: விண்டோஸின் பேரேட்டில் பயர்பொக்ஸைப் பதிந்துவிட்டு, அதன் அமைப்புகளில் 'அப்ளிகேஷன்ஸ்' பட்டியலில் 'மெயில்டூ' வரியில் ஜிமெயிலைத் தெரிவு செய்தால் முடிந்தது.

இவை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த பின்னரும் ஒரு சந்தர்ப்பத்தில் மாத்திரம் கணினி பிடிவாதம் பிடிக்கும். இதை நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் மனமுடைந்து கடைக்கு ஓடுகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பிறப்புச் சான்றிதழை ஸ்கேன் செய்து கோப்பாக வைத்திருக்கிறோம். அந்தக் கோப்பின்மீது வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, 'சென்ட் டூ' என்பதில் 'மெயில் ரெசிபியன்ட்' என்று காட்டுகிறோம். உடனே இயல்புநிலை மின்னஞ்சல் மென்பொருள் எதுவும் இல்லை என்றோ, இருப்பது இக்காரியத்தைச் செய்ய இயலாதது என்றோ பொருள்படும் எச்சரிக்கை எழுகிறது. மெயில்டூ என்னும் இணைப்பு பெறுநர் முகவரியையும் தலைப்பையும் வாசகத்தையும் சுமக்கக்கூடியதேயன்றி, கோப்பைச் சுமக்கும் சக்தி அதற்கு இல்லை. கோப்பை ஒப்படைப்பதற்கு விண்டோஸ் கையாளும் மார்க்கம் முற்றிலும் வேறானது. அந்த மார்க்கத்தை அறிந்தவை, கணினியில் நிறுவப்பட்ட அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மென்பொருள்களே. மேலோடிக்குள் வாழும் ஜிமெயிலை எத்தனை முறை நியமித்தாலும் இந்த எச்சரிக்கை ஓயாது. ஆகையால், ஜிமெயிலைத் திறந்து புதிய கடிதத்தில் காகிதக்கவ்வி போன்ற சின்னத்தை அழுத்திக் கோப்பை நாமே இணைப்பதே மிகவும் சுலபமான உபாயம். மாதந்தோறும் பல கோப்புகளை அனுப்ப வேண்டிய நிலையில் இருப்பவர்கள் தண்டர்பேர்ட்டை நிறுவிக்கொள்ளலாம். அது இலவசமாகக் கிடைப்பது.

அப்படி நிறுவுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கணக்கைச் சேர்க்கும்போது 'பொப்' என்றும் 'ஐமேப்' என்றும் இரண்டு முறைகள் காட்டப்படும். முன்னது, கடிதத்தைச் சேவையகத்திலிருந்து எடுத்துக் கணினியில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து அதை நீக்கிவிடுவதற்கென்று ஏற்பட்ட பழைய முறை. பின்னது, கடிதத்தைச் சேவையகத்திலேயே விட்டுவிட்டு எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே தோற்றத்தைக் காட்டுவது. தகப்பனார் கணினியில் பார்த்த கடிதம் மகளின் தொலைபேசியில் மறைந்துபோகிற குடும்பங்களில் பெரும்பாலும் 'பொப்' முறையே காரணமாக இருக்கும். ஒரு குடும்பம் முழுவதும் ஒரு கணினியையும் இரண்டொரு தொலைபேசிகளையும் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஐமேப் முறையே உகந்தது என்பது என் திடமான அபிப்பிராயம். கடவுச்சொல் சரியாக இருந்தும் பழைய மென்பொருள் உள்ளே நுழைய மறுத்தால், அதற்கும் காரணம் உண்டு: 2022 மே 30ஆந் திகதி முதல் கூகுளும், 2024 செப்டெம்பர் 16ஆந் திகதி முதல் மைக்ரோசொப்ட்டும், தனிநபர் கணக்குகளில் வெறும் கடவுச்சொல்லை மாத்திரம் கொடுத்து நுழையும் பழைய வழியை அடைத்துவிட்டன. புதிய பதிப்பை நிறுவினால் அது கூகுளின் பக்கத்தையே திறந்து அனுமதி கேட்கும்.

நியமனத்தைச் செய்த சில நாட்களில் அது தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்ற முறைப்பாடும் உண்டு. விண்டோஸ் 8 தொடக்கம், உரியவர் தம் கையால் செய்த தெரிவு ஒருவித இரகசிய முத்திரையுடன் பதியப்படுகிறது. வேறொரு மென்பொருள் அந்த முத்திரை இல்லாமல் பேரேட்டில் கை வைத்தால், விண்டோஸ் சந்தேகங்கொண்டு தன் ஆரம்பத் தெரிவுக்கே மீண்டுவிடுகிறது. மறுபடி ஒருமுறை 'செட்டிங்ஸ்' வழியாக நாமே மாற்றுவதுதான் பரிகாரம். 'எல்லாவற்றையும் சரிசெய்வோம்' என்று ஆசை காட்டும் இலவச மென்பொருள்களை நாடுவது விபரீதத்தில் முடியும். பாவித்த கணினிகளில் இன்னுமொரு கோளாறு சகஜம். கணினியின் தாய்ப்பலகையிலுள்ள சிறு பற்றரி உயிரிழந்திருந்தால், மின்சாரம் தடைப்படும் ஒவ்வொரு தடவையும் கணினியின் திகதி பல வருஷங்கள் பின்னோக்கிப் போய்விடும். திகதி பிழைத்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றி, மின்னஞ்சல் திறக்கவே மாட்டாது. அமைப்புகள் எதையும் தொடுவதற்கு முன்னர் திரையின் மூலையில் தெரியும் திகதியையும் வருஷத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது விவேகம்.

மென்பொருளைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மவர்கள் பலருடைய ஜிமெயில் கணக்கு, ஏதோவொரு விண்ணப்பத்தின் அவசரத்தில், கொமினிகேஷன் கடையிலோ தெரிந்த ஒருவர் மூலமாகவோ உருவாக்கப்பட்டது. அப்போது கணக்கை மீட்பதற்கான தொலைபேசி இலக்கமாக உருவாக்கிக் கொடுத்தவரின் இலக்கமே பதியப்பட்டிருக்கக்கூடும். அந்நிலையில் கடவுச்சொல் மறந்துபோனால் மீட்புக் குறியீடு அவருடைய தொலைபேசிக்கே போகும். எவ்வளவு நல்லவராயினும், அவர் இலக்கத்தை மாற்றிவிட்டாலோ ஊரைவிட்டுப் போய்விட்டாலோ முகவரியும் அதில் சேர்ந்திருக்கும் கடிதங்களும் கைநழுவிப் போகும். ஜிமெயிலின் வலப்பக்க மேல் மூலையிலுள்ள உருவத்தை அழுத்தி, கணக்கை நிர்வகிக்கும் பக்கத்துக்குச் சென்று, பாதுகாப்புப் பகுதியில் மீட்புத் தொலைபேசி என்ற வரியில் இருக்கும் இலக்கம் எவருடையது என்று இன்றைக்கே பார்த்து, அது வேறொருவருடையதாயின் தம் சொந்த இலக்கத்தை அங்கே பதிந்து, பழைய கடவுச்சொல்லையும் மாற்றிவிட வேண்டும்.