மடிந்த பாறையும் காரீய நாளமும்

கண்டியை அடுத்த திகனையின் சலவைக்கல் ஒருகாலத்தில் கடலடிச் சுண்ணாம்புப் படிவாயிருந்தது. ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதியபோது, மலைநாட்டின் படிவுகள் ஆழத்தில் வெந்து உருமாறி, பாய்போல மடிந்தன. பின்னர் அவை மேலெழுந்து குளிர்கையில், மடிப்பு வளைவுகளில் வெடிப்புகள் திறந்தன. காபனைச் சுமந்த வெப்பப் பாய்மங்கள் அவற்றுள் ஏறி, பென்சிற் கூரிலுள்ள காரீயத்தைப் படியவிட்டன. வெடிப்பு மீண்டும் மீண்டும் திறந்தமையால் படைபடையாய் நாளம் தடித்தது.

கண்டிக்கு மேற்கே, கேகாலை மாவட்டத்துப் போகலச் சுரங்கத்தில் கிடைப்பது இத்தகைய காரீயமே; 100க்கு 90 பங்கிற்கு மேல் காபன். பிறநாடுகளிற் பெரும்பாலும் பாறையை இடித்தே காரீயத்தைப் பிரிப்பர். இங்கோ கட்டியாகவே வெட்டலாம். ஆயினும் வெட்டிய நாளம் மீள வளராது. அதனை மூலப்பொருளாகவே விற்பதா, நாமே பண்டமாக்குவதா என்பது நம் தலைமுறை விடைகூற வேண்டிய வினா.