மாற்று இன்ஜினுடன் ஒரு ‘ஜிம்மி’

ஜிஎம்சி சிசிகேடபிள்யூ-353 ராணுவ லாரி, அமெரிக்கா

இரண்டாம் உலகப் போரின்போது 5 லட்சத்துக்கும் மேல் தயாரான சிசிகேடபிள்யூ வரிசையைச் சேர்ந்த இரண்டரை டன் லாரி இது. படைவீரர்கள் வைத்த செல்லப்பெயர் ‘ஜிம்மி’. 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை பிரான்சில் அமெரிக்க ராணுவத்தின் ‘ரெட் பால் எக்ஸ்பிரஸ்’ அணி, பெரும்பாலும் இந்த ரக லாரிகளில்தான் பெட்ரோலையும் குண்டுகளையும் இரவும் பகலும் போர்முனைக்குச் சேர்த்தது. ஓட்டியவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் கறுப்பினத்தவர். நிறம் பார்த்துப் பிரித்து வைத்த ராணுவம் அது. வெற்றியில் அவர்களுக்குள்ள பங்கை உரக்கவே சொல்ல வேண்டும்.

லாரிக்குப் பக்கத்தில் கிடக்கும் பழைய இன்ஜின் பிளாக்கைக் குனிந்து பாருங்கள். வடிக்காமல் விட்ட தண்ணீர் பனிக்காலத்தில் உறைந்து வார்ப்பிரும்பைப் பிளந்துவிட்டது. விரிசல் மயிரிழை அளவுதான். ஆனால் சிலிண்டர் சுவர்வரை ஓடுகிறது. ஒட்டுப்போட்டு ஓட்ட முடியாது.

நல்லவேளையாக, இதே 270 கன அங்குல, ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினைப் போருக்குப் பிறகு சரக்கு லாரிகளிலும் பொருத்தினார்கள். அப்படியொன்றுதான் இப்போது உள்ளே இருக்கிறது. முன் அச்சுக்கும் விசை போகும் வண்டி என்பதால், அச்சில் இடிக்காதபடி வடிவமைத்த பழைய ஆயில் சம்ப்பையே கழுவித் திரும்ப மாட்டியிருக்கிறோம். மாற்று இன்ஜினின் வரிசை எண்ணை அழிக்கவில்லை. பழைய எண்ணை அதில் பொறிக்கவும் இல்லை.